இருசக்கர வாகன விபத்தும் இழப்பீடும்: நோயாளியின் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

விபத்தில் எலும்பு முறிந்து எங்கள் பிரிவில் சேர்க்கப்படுவோரின் உறவினர்கள் முதல் நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உயிருக்கு ஆபத்து இல்லையே, டாக்டர்?" அடுத்த நாள், "கால் பழையபடி ஆகிவிடுமா?" என்று கேட்பார்கள். மூன்றாம் நாள், மருந்தகத்தின் இரசீதுகள் சட்டைப் பையில் சேரத் தொடங்கியபின், குரலைத் தாழ்த்தி மற்றொன்றைக் கேட்பார்கள்: "இழப்பீடு ஏதாவது கிடைக்குமா?"

அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் கூச வேண்டியதில்லை. உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவர் ஆறு மாதம் படுத்துவிட்டால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் நின்று காத்திருப்பதில்லை. இழப்பீடு என்பது யாரும் போடும் பிச்சையன்று. சட்டம் தந்துள்ள உரிமை. நான் வழக்கறிஞன் அல்லன், எலும்பு முறிவு மருத்துவன். ஆயினும், மருத்துவமனையில் எழுதப்படும் தாள்களே பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பேசுகின்றன என்பதைச் சாட்சிக் கூண்டில் நின்று பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, நம் நோயாளிகளின் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விபத்துப் பதிவேட்டின் முதல் வரி

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விபத்து நோயாளி ஒருவர் வந்தவுடன் விபத்துப் பதிவேடு என்னும் புத்தகத்தில் சில வரிகள் எழுதப்படும். நோயாளியின் பெயர், வந்த நேரம், அழைத்து வந்தவர், விபத்து எங்கே எப்படி நடந்தது, உடலில் என்னென்ன காயங்கள் ஆகியவை அதில் இருக்கும். "ஏ.ஆர். காப்பி" என்று வழக்கில் குறிப்பிடப்படுவது இதன் நகலே. காவல் துறைக்கு இதன் அடிப்படையில்தான் தகவல் செல்கிறது.

ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்கு முன், பட்ட மேற்படிப்பு மாணவனாக வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். ஒரு தச்சுத் தொழிலாளியை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தூக்கி வந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. வலியில் நோயாளியால் பேச இயலவில்லை. என்ன நடந்தது என்று ஆட்டோ ஓட்டுநரைக் கேட்டேன். அவர் விபத்தைக் கண்டவர் அல்லர். சாலையோரம் கிடந்தவரைத் தூக்கி வந்தவர். "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் போலிருக்கிறது, சார்" என்றார். நானும் "இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த நோயாளி காத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பின்னால் வந்த வேன் ஒன்று தம்மை இடித்துத் தள்ளியதாக நோயாளி வார்டில் கூறியிருக்கிறார். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு அழைப்பாணை வந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த வரியை என்னையே படிக்கச் சொன்னார். "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். வேன் இடித்ததாக நோயாளி அன்று சொன்னாரா என்று அடுத்துக் கேட்டார். சொல்லவில்லை என்பதே உண்மை. நான் அவரைக் கேட்கவே இல்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. மனு தள்ளுபடியானது. வெளியே வராந்தாவில் அந்தத் தொழிலாளி கோபமின்றி என்னிடம் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: "அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, சார்."

அன்று முதல் நான் பின்பற்றும் வழக்கம் ஒன்று உண்டு. நோயாளிக்கு நினைவு தெளிந்து பேச முடிந்தவுடன், விபத்து எப்படி நடந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்டு, நாளும் நேரமும் குறித்துச் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். முதலில் எழுதிய வரியை அடித்துத் திருத்துவதில்லை, அது குற்றம். புதிய தகவலைப் புதிய பதிவாகச் சேர்ப்பது முறை. நீங்களும் இதைக் கேட்டுப் பெறலாம். அழைத்து வந்தவருக்கு நடந்தது தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, சாலையில் கிடந்தார்" என்று சொல்வதே சரி. ஊகத்தைச் சொல்ல வேண்டாம். மோதிய வாகனத்தின் எண் தெரிந்தால் தெரிந்த அளவு சொல்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தானாக விழுந்தவரை, "லாரி இடித்ததாக எழுதிவிடுங்கள், டாக்டர்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எழுத மாட்டோம். மது வாடை இருந்தால் அதை மறைக்கவும் மாட்டோம். பொய்யாக எழுதிய ஒரு வரி அகப்பட்டால், மெய்யான நூறு நோயாளிகளின் பதிவேடும் ஐயத்துக்கு உள்ளாகும்.

முதல் சில நாட்களில்

சிகிச்சையே முதல் கடமை. காவல் துறை நடைமுறை முடியும்வரை காத்திராமல் விபத்து நோயாளிக்கு உடனே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் மருத்துவர்களுக்கு இட்டுள்ள கட்டளை. தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின்னான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அது உதவுகிறது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தின்படி, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை கிடைக்கும். இத்திட்டங்களில் சிகிச்சை பெற்றதால் இழப்பீட்டு உரிமை போய்விடாது. திட்டம் செலுத்திய மருத்துவச் செலவைத் திரும்பக் கோர முடியாதே தவிர, வருமான இழப்பு, வலி, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கான கோரிக்கை அப்படியே இருக்கும்.

குடும்பத்தில் ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க, மற்றொருவர் காவல் நிலையம் செல்லட்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்றா, அதில் வாகன எண்ணும் இடமும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். தகவல் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வழக்கு வேண்டாம்" என்று எதிர்த்தரப்பினர் மருத்துவமனை வாசலில் கொடுக்கும் சிறு தொகைக்காகப் புகாரைக் கைவிட்டவர்கள், இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படும்போது கைபிசைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

யார் தர வேண்டும்?

விபத்தின் தன்மையைப் பொறுத்து விடை மாறும்.

மற்றொரு வாகனத்தின் கவனக்குறைவால் அடிபட்டிருந்தால், அந்த வாகனத்தின் ஓட்டுநர், உரிமையாளர், அதற்குக் காப்பீடு வழங்கிய நிறுவனம் ஆகியோருக்கு எதிராக 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் மனு செய்யலாம். எல்லா வாகனங்களுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது இதற்காகவே. நம் தரப்பிலும் ஓரளவு தவறு இருந்தால் தீர்ப்பாயம் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். தலைக்கவசம் அணியாதவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டிருந்தால், அதைக் காரணம் காட்டித் தொகை குறைக்கப்படுவதுண்டு.

தவறு யாருடையது என்று மெய்ப்பிக்கத் தேவையில்லாத வழி ஒன்றும் உண்டு. 164-ஆம் பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் வழங்கப்படும். எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயமே. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துடனான சமரச நடைமுறையில் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்திலுள்ள மனு முடிந்துபோகும். ஒரே எலும்பு முறிந்து, அது நன்றாகக் கூடிவிடுபவருக்கு இவ்வழி நன்மையாக இருக்கலாம்; காலையே இழந்தவருக்குப் பெரும் இழப்பாக முடியலாம். ஆகவே காயத்தின் முழு விளைவும் தெரியுமுன் கையெழுத்திடாதீர்கள்.

மோதிய வாகனம் நிற்காமல் சென்று, அடையாளமும் தெரியவில்லை என்றால், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின்கீழ் கிடைக்கும். இத்தொகைகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டம் அல்லது வட்ட அளவிலான அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பைக்கின் பின்னால் அமர்ந்து சென்றவர் மற்றொரு வாகனம் மோதி அடிபட்டால், அந்த வாகனத்தின் காப்பீட்டிலிருந்து கோரலாம். தாம் அமர்ந்து சென்ற பைக்கே விழுந்து அடிபட்டிருந்தால், அந்த பைக்கின் காப்பீடு எவ்வகை என்பதைப் பார்க்க வேண்டும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு பின்னிருக்கைக்காரருக்குப் பொதுவாகப் பொருந்தாது. முழுக் காப்பீடு இருந்தால் பொருந்தும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய், பின்னால் அமர்ந்த மனைவிக்கு எவ்விதக் காப்பும் இல்லாமற் போன குடும்பங்கள் உண்டு.

தம் வண்டியில் தாமே வழுக்கி விழுந்தவர், தம் தவறுக்காகத் தம் நிறுவனத்திடம் 166-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால், அவருக்கான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு உள்ளதா என்று பாலிசியைப் பாருங்கள். உயிரிழப்புக்கும், கை, கால், கண் இழப்பு போன்ற பெரிய நிரந்தர ஊனங்களுக்கும் அது பொருந்தும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும்.

வேலை நேரத்தில் பணி நிமித்தம் சென்றபோது விபத்து நேர்ந்தால், தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுச் சட்ட விதிகளின்கீழ் கோரவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதுவோ மோட்டார் வாகனச் சட்டமோ, ஏதேனும் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்குகிறது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் உள்ளது. விபத்து நடந்த ஊரில்தான் மனு செய்ய வேண்டும் என்பதில்லை. நோயாளி வசிக்கும் ஊரிலோ தொழில் செய்யும் ஊரிலோ மனு செய்யலாம். திண்டிவனம் அருகே அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே மனு செய்யலாம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தொடை எலும்பு முறிந்தவர் ஊன்றுகோலின்றி நடக்கவே ஆறு மாதம் ஆகலாம். "முழுதும் குணமான பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை நடக்கும்போதே மனு செய்யலாம். மருத்துவத் தாள்களைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். காலம் கடந்துவிட்டதாக யாரேனும் கூறினாலும், அதை நம்பிக் கைவிடுமுன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

எவற்றுக்கெல்லாம் கோரலாம்?

மருத்துவமனைக் கட்டணத்தை மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். அது ஒரு பகுதிதான். மருந்துகள், மருத்துவமனைக்கு வந்துபோன செலவு, சத்துணவு, உடனிருந்து கவனித்தவரின் உழைப்பு, படுத்திருந்த மாதங்களின் வருமான இழப்பு, எதிர்கால வருமானக் குறைவு, பின்னாளில் தகடு அல்லது கம்பியை அகற்றும் அறுவைக்கான செலவு, அனுபவித்த வலி, இழந்துபோன வாழ்க்கை வசதிகள், இளையோருக்குத் திருமண வாய்ப்புக் குறைவு ஆகிய அனைத்தும் கணக்கில் வரும்.

"அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வருமானம்?" என்று மகன்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. அந்த அம்மையார் கால் முறிந்து படுத்த வாரத்திலேயே, அவர் செய்துவந்த வேலைகளுக்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வருமானத்துக்குச் சான்று தேவை. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வங்கிக் கணக்குப் புத்தகம், நல வாரிய உறுப்பினர் அட்டை, வேலை கொடுத்தவரின் கடிதம், கடையின் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் மனு வீழ்ந்துவிடாது. தீர்ப்பாயம் ஒரு தொகையை உத்தேசமாக வகுத்துக்கொள்ளும். ஆனால் அது பெரும்பாலும் உண்மை வருமானத்தினும் குறைவாகவே இருக்கும்.

ஊன விழுக்காடு: மருத்துவர் சொல்வதும் நீதிபதி முடிவு செய்வதும்

மிகுந்த குழப்பம் நிலவும் பகுதி இதுதான். "எத்தனை சதவீதம் போடுவீர்கள், டாக்டர்?" என்று சந்தையில் விலை கேட்பதுபோல் கேட்கிறார்கள். இதைச் சற்றுப் பொறுமையாகப் புரிந்துகொள்வோம்.

மருத்துவர் அளப்பது உடலின் குறைபாட்டை. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு உள்ளது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாயிற்று என்பவற்றை அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி அளந்து கணக்கிடுகிறோம். சிகிச்சை முடிந்து, இனி முன்னேற்றம் இராது என்ற நிலை வந்த பின்னரே "நிரந்தரம்" என்று சொல்ல முடியும். ஒரு காலின் ஊனம் 45 விழுக்காடு என்பதால் உடல் முழுவதன் ஊனமும் 45 விழுக்காடு ஆகிவிடாது. முழு உடலுக்குக் கணக்கிட்டால் அது குறையும்.

நீதிபதி முடிவு செய்வது, அந்தக் குறைபாட்டால் இவருடைய சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. இவை இரண்டும் வெவ்வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் வழங்கிய ஒரு தீர்ப்பில் விரிவாக விளக்கியுள்ளது. கணுக்கால் இறுகிவிட்ட வங்கி எழுத்தர் மீண்டும் நாற்காலியில் அமர்ந்து அதே சம்பளம் பெறுவார். அதே கணுக்கால் இறுகிய பனையேறும் தொழிலாளி இனி மரமேற முடியாது. உடற்குறை ஒன்றே, வாழ்வின் இழப்பு வேறு. சிகிச்சையளிக்காத மருத்துவர்கள் எளிதாக வழங்கும் சான்றுகளை ஐயத்துடன் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். 34 வயதான சுயதொழில் செய்பவரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்ப்பது உச்ச நீதிமன்றம் 2017-இல் வகுத்த முறை. அதன்படி மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரையினருக்குப் பெருக்கும் எண் 16. பெருக்கினால் 40,32,000. இதில் சம்பாதிக்கும் திறன் இழப்பு 20 விழுக்காடு என்று தீர்மானிக்கப்பட்டால் 8,06,400 ரூபாய். 30 விழுக்காடு என்றால் 12,09,600 ரூபாய். பத்து விழுக்காட்டின் வேறுபாடு நான்கு லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்தால், சதவீதத்தைக் கூட்டித் தரும்படி ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் செய்ய வேண்டியது வேறு. உங்கள் தொழில் என்ன, அதில் எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்பதை ஒவ்வொரு முறை வரும்போதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "சாரத்தில் ஏற முடியவில்லை", "குந்தி உட்கார்ந்து களையெடுக்க முடியவில்லை", "தையல் இயந்திரத்தின் மிதியை அரை மணிக்கு மேல் மிதித்தால் கால் வீங்குகிறது" என்று சொன்னால், மருத்துவர் சோதித்துப் பார்த்து அதைப் பதிவு செய்வார். மிகைப்படுத்திய எண் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும். மாதந்தோறும் பதிவான உண்மை உடையாது.

பயிற்சியை நிறுத்தாதீர்கள்

மருத்துவன் என்ற முறையில் நான் மிகவும் வருந்தும் செய்தி இது. முழங்கால் அருகே எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட இளைஞர் ஒருவர், தையல் பிரித்தபின் இயன்முறைப் பயிற்சிக்கு வரவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தபோது முழங்கால் 40 பாகை அளவே மடங்கியது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். தலை குனிந்திருந்தார். அவருடைய தாயார்தான் சொன்னார்: "கால் நன்றாக மடங்கினால் கேஸில் பணம் குறைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார், டாக்டர்."

படியேறுவதற்கு முழங்கால் ஏறத்தாழ 80 பாகையேனும் மடங்க வேண்டும். தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதற்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். முதல் சில வாரங்களில் பயிற்சியால் எளிதாக மீளக்கூடிய அசைவு, மாதங்கள் கடந்தபின் தசையும் சவ்வும் ஒட்டிக்கொள்வதால் மீள்வதில்லை. மயக்க மருந்து கொடுத்து அந்த மூட்டை அசைத்துவிட்டோம். ஓரளவே பயன் கிடைத்தது. அவருக்கு வயது 26. இனிப் பல பத்தாண்டுகள் அந்தக் காலோடுதான் அவர் படியேற வேண்டும். கிடைக்கும் தொகை எதுவாயினும், அதைக் கொண்டு அந்த 40 பாகையை 90 ஆக்க எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மேலும், பயிற்சிக்கு வராத நாட்களும் மருத்துவக் குறிப்பில் பதிவாகும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையும் படிப்பார். நன்றாக முயன்றும் மீளாத குறைபாட்டுக்கே சான்றின் வலிமை அதிகம்.

இடைத்தரகர்களும் தாள்களும்

மருத்துவமனை வளாகத்தில் அறிமுகமற்ற ஒருவர் வந்து, "கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், செலவே இல்லை, வருவதில் பாதி" என்று பேசினால் விலகிவிடுங்கள். வழக்கறிஞர்கள் இவ்வாறு ஆள் வைத்து வழக்குத் தேடுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும் அவர்களுடைய தொழில் விதிகளுக்கே முரணானவை. வெற்றுத் தாளிலோ, படிக்காத படிவத்திலோ கையெழுத்திடாதீர்கள். அசல் எக்ஸ்ரே படங்களையும் இரசீதுகளையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

வசதியற்றோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலே இவ்வுதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்து வழி கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வதால் பணம் விரைவில் கைக்கு வரும். ஆனால் அங்கே ஏற்றுக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு எதிராகவோ 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். அவசரத் தேவையையும் நாளைய செலவையும் எடைபோட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ மன்றத்தின் விதி. எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.

ஒரே உறையில் வைத்திருக்க வேண்டியவை

1. விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்று
2. முதல் தகவல் அறிக்கையின் நகல்
3. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு
4. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், அவற்றின் அறிக்கைகள்
5. மருந்து, பரிசோதனை, போக்குவரத்து இரசீதுகள், நாள் வரிசையில்
6. புறநோயாளிச் சீட்டுகள், இயன்முறைப் பயிற்சி அட்டை
7. வயது, வருமானம், தொழில் ஆகியவற்றுக்கான சான்றுகள்
8. ஓட்டுநர் உரிமம், உங்கள் வாகனத்தின் காப்பீட்டுப் பாலிசி
9. மோதிய வாகனத்தின் எண், காப்பீட்டு விவரம்

எங்கள் வார்டில் உள்ள நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சுற்று வரும்போது மருத்துவர்கள் அவசரமாகத் தோன்றலாம். அதற்காகத் தயங்க வேண்டாம். "டாக்டர், விபத்து எப்படி நடந்தது என்று இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். நின்று கேட்பது எங்கள் கடமை. கேட்டதை எழுதுவதும் எங்கள் கடமை. அந்தத் தச்சுத் தொழிலாளிக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.